எபேசு நகர வாய்க்காலும் என் வீட்டுத் திருமஞ்சனமும்

தடைகளை ஆக்குவோனும் அகற்றுவோனும் ஆகிய ஆனைமுகத்து ஐயன் திருவடிகள் முன்னின்று காக்க. இங்கே நான் சொல்லப்போகும் தடையை மட்டும் ஆக்கியவன் அடியேனே. அதன் பழியை ஐயன்மேல் ஏற்ற வழியில்லை என்பதையும் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இன்று தைப்பூசம். பூச நட்சத்திரமும் நிறைமதியும் கூடிய நன்னாள். எழுதத் தொடங்க உகந்த நேரம் என்கிறது பஞ்சாங்கம். பனிப்புயல், எவரும் வெளியே போகவேண்டாம் என்கிறது வானொலி. இரண்டுக்கும் ஒருங்கே கீழ்ப்படிந்து, கனடாவில், மொன்றியலை அடுத்த கர்க்லாண்டில் மகள் வீட்டுச் சமையலறை யன்னலருகே அமர்ந்திருக்கிறேன்.

எழுதப்போவது ஒரு மனிதரைப் பற்றி. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். முன்பு ஒரு கடிதத்தில் அதை முழுமையாக, பிழையின்றி, அடிக்கோடும் இட்டு எழுதியிருக்கிறேன். ஒரு பிறவிக்கு அது போதும்.

அப்போது நாங்கள் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் வட்டாரத்தில் ஒரு செங்கற் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம், நானும் என் மனைவியும். அவர் அந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவர். நிலவறையில் ஒற்றை அறை அவருடைய இருப்பிடம். மன்னார்க் கத்தோலிக்கர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பாட்டில் வரும் அடியார்கள் அனைவரையும் நான் அறிவேன். படிக்கட்டில் எதிரே வந்த இவரை அறிய எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

எவர் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் பார்ப்பது தண்ணீர் வெளியேறும் இடத்தை. புதுமனை புகுவிழாவில் மற்றவர்கள் சாமியறையைச் சுற்றிப் பார்த்து "வடிவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் சமையலறையில் சிங்குக்குக் கீழே தலையை நுழைத்திருப்பார். குழாயைத் திறந்துவிட்டுக் காதைச் சுவரோடு வைப்பார். பிறகு எழுந்து, நாடி பார்த்த வைத்தியரைப் போல ஒரு சொல் சொல்வார். "ஓடுது." அல்லது, "ஓடுது, ஆனா யோசிச்சு யோசிச்சு ஓடுது."

இந்தப் பழக்கம் அவருக்கு எபேசு நகரில் ஒட்டிக்கொண்டது. தொண்ணூறுகளின் நடுவில் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன முகவர், துருக்கியின் மேற்குக் கரையில் இறக்கிவிட்டு மறைந்துபோனார். திக்கற்று நின்றவர் அந்தப் பழைய நகரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம் மண் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று கோடைகள். பளிங்கு பாவிய தெருவுக்கு அடியில் ஆள் குனிந்து போகுமளவுக்கு வாய்க்கால் ஓடுகிறதாம். அதைத் துப்புரவாக்கியவர்களில் இவரும் ஒருவர்.

வெள்ளி மாலைகளில் என் வீட்டில் பாராயணம் நடக்கும். நான் இலங்கையில் முப்பது ஆண்டுகள் தபால் அதிபராக இருந்தவன். என் குரலுக்கும் என் கடிதங்களுக்கும் ஈடில்லை என்பது அக்காலத்தில் என் கருத்து. பத்துப் பதினைந்து பேர் வந்து கேட்பார்கள். இவரும் வருவார். கழுத்தில் செபமாலை தெரிய, சமையலறை வாசலுக்கு அருகே சப்பணமிட்டு அமர்வார்.

"சாமிக்கு வந்தனீரோ, கடலைக்கு வந்தனீரோ?" என்று நான் சீண்டுவேன்.

"கடலைக்குத்தான் அண்ணை. சாமிக்கு ஞாயிற்றுக்கிழமை வேற இடம் போறன்."

ஒரு வெள்ளியன்று நான் கடற்கரைக் கோயில் ஒன்றின் பெருமையை விரித்துக்கொண்டிருந்தேன். பொன் வேய்ந்த விமானம், ஆயிரம் குடம் திருமஞ்சனம், பால் வெள்ளம் கரைபுரள்வது என்று என் சொற்களே கரைபுரண்டன. கேட்டவர்கள் கண் மூடியிருந்தார்கள். பக்தியால் என்று எண்ணிக்கொண்டேன்.

"அண்ணை," என்றார் வாசலருகே இருந்தவர். "தண்ணி எங்கால போகும்?"

"எந்தத் தண்ணி?"

"ஆயிரம் குடம் ஊத்தினா வெளியால போக வழி இருக்க வேணுமே. எந்தப் பக்கத்தால?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோயிலை நாற்பது ஆண்டுகளாகப் பாடிவந்தவன். அதன் கோமுகை எத்திசையில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அது தெய்வ ரகசியம்," என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். என் மனைவி சமையலறைக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது.

அன்றுதான் எபேசின் கதையை அவர் முதன்முதலாகச் சொன்னார். கடதாசித் தட்டில் கடலைகளை வீடுகளாக அடுக்கி, இரண்டு தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளை மலைகளாக வைத்து, ஓரத்தில் தேநீரைக் கொஞ்சம் ஊற்றிக் கடலாக்கினார்.

"இஞ்சை பெரிய அம்மன் கோயில் ஒண்டு. நூறுக்கு மேல தூண். உலக அதிசயம் எண்டு சனம் கப்பலேறி வந்து பாத்ததாம். இப்ப ஒரு தூண் நிக்குது. அதில நாரை கூடு கட்டியிருக்குது."

"ஐயோ, கடல் கொண்டுபோட்டுதோ?" என்றார் ஒருவர். எங்களுக்குத் தெரிந்த கடற்கரைப் பட்டினங்களையெல்லாம் கடல்தானே கொண்டிருக்கிறது!

"இல்லை. கடல் தானே எழும்பி விலகிப் போட்டுது." சீனிக் கரண்டியை எடுத்துத் தேநீரின் விளிம்பில் சிறிது சிறிதாகச் சீனியைச் சொரிந்தார். தேநீர் பின்வாங்கியது. "ஆறு ஒண்டு. நல்ல ஆறு, ஒருத்தருக்கும் தீங்கு நினைக்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்ச மண். துறை தூர்ந்துகொண்டே போகுது. ஒரு ராசா கெட்டித்தனமா துறையின்ர வாயை ஒடுக்கிக் கட்டினவன், ஆழம் கூடுமெண்டு. மண் வெளியால போகாமல் இன்னும் கெதியா நிரம்பிச்சுது. பேந்து கல்லில அறிவித்தல் வெட்டி வச்சவை: துறையில மரம் அடுக்காதை, கல்லறுத்த தூளைத் தண்ணிக்குள்ள கொட்டாதை எண்டு. ஆர் கேட்டது? இப்ப அந்தத் துறையில நிண்டு பாத்தால் வயல்தான் தெரியும். கடல் கண்ணுக்கெட்டாத தூரம்."

கேட்டிருந்தவர்கள் கண்கள் திறந்திருந்தன. எனக்குச் சற்றே எரிந்தது.

"இதுக்கெல்லாம் முந்தி இன்னொரு ராசா," என்று தொடர்ந்தார். "அலெக்சாந்தருக்குப் பிறகு வந்தவன். சனத்தைப் பாத்துச் சொல்றான், இந்த இடம் இனிச் சரிவராது, அங்காலை மலையடியில மதிலோட புது ஊர் கட்டியிருக்கிறன், வாங்கோ எண்டு. சனம் மாட்டனெண்டிட்டுது. எங்கட கோயில் இஞ்சை, விட்டிட்டு வரேலாதாம்."

"சரிதானே," என்றேன் நான்.

"பெருமழை பெய்த நாளாப் பாத்து ராசா வாய்க்காலையெல்லாம் அடைச்சுப்போட்டான். ஊத்தைத் தண்ணி வீடு வீடா ஏறிச்சுது. பிறகென்ன, சனம் சட்டிபானையோட புது ஊரில நிண்டுது. புது ஊருக்குப் பெண்சாதியின்ர பேரை வச்சானாம். அந்தப் பேர் மட்டும் நிலைக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கடலைச் சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "தம்பி, எங்கட வீட்டு வாய்க்காலையும் ஒருக்கால் அடைச்சு விடுங்கோவன். இந்த மனுசனை வெளிக்கிடுத்த வேற வழியில்லை."

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. கர்க்லாண்டிலிருந்து மகள் எங்களை வரும்படி இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தாள். மனைவியின் முழங்கால்களுக்கு மூன்று மாடி ஏறுவது ஒவ்வொரு நாளும் ஒரு தண்டனை. பனிக்காலத்தில் வெளிப்படிக்கட்டு இன்னொன்று. நானோ, "இறைவன் எழுந்தருளிய இடத்தை மாற்றுவது முறையன்று" என்று மறுத்துவந்தேன். உண்மை வேறு. கர்க்லாண்டுக்குப் போனால் வெள்ளி மாலைகளில் என் குரலைக் கேட்க எவரும் வரமாட்டார்கள்.

இனி என் திருமஞ்சனத்தைச் சொல்லவேண்டும். உள்ளங்கையளவு படிகலிங்கம் ஒன்று எனக்கு உண்டு. நாள்தோறும் நீர், பால், சந்தனம், திருநீறு. வெள்ளியிலும் பிரதோசத்திலும் தேன், நெய், அரிசிமா ஆகியனவும் சேரும். ஆட்டிய நீரை எவர் காலும் மிதிக்கக்கூடாது. மரத்தடியில் ஊற்றவேண்டும் என்பது முறை. மொன்றியலில் ஐந்து மாதம் மண்ணே தெரியாது. முற்றத்துப் பனியில் ஊற்றினால் கட்டடத்தார் மிதிப்பார்கள். ஆகவே சமையலறைச் சிங்கில், புண்ணிய நதிகளின் பெயரைச் சொல்லி ஊற்றினேன். பனி ஐந்து மாதம். மீதி ஏழு மாதமும் அப்படியே ஊற்றியதற்கு மூன்று மாடி இறங்கச் சோம்பிய என் கால்கள் காரணம். இப்படிப் பதினொரு ஆண்டுகள்.

கட்டடத்தின் சலவை அறைச் சுவரில் அவர் மும்மொழியில் அறிவித்தல் ஒன்று ஒட்டினார்: எண்ணெய், சோறு, தேயிலை எதையும் சிங்கில் ஊற்றவேண்டாம். நான் அதன் தமிழில் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். என் பங்கு முடிந்தது என்று கருதினேன். நான் ஊற்றியது தீர்த்தம் அல்லவா?

இரண்டாயிரத்து நான்கு, மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள். நான்கு காலத் திருமஞ்சன நீரையும் வாளியில் சேர்த்துவைத்து, காலையில் ஒரேயடியாகச் சிங்கில் சாய்த்தேன். நண்பகலில் கீழ்வீட்டு மடாம் அலறும் குரல் கேட்டது. அவருடைய சிங்கிலிருந்து பால்வெள்ளம் பொங்கி, நிலமெல்லாம் பரவி, புதிதாகப் பாவிய மரத்தளத்தை நனைத்துக்கொண்டிருந்தது. நான் பாடிய கரைபுரளும் பால்வெள்ளத்தை முதன்முதலாகக் கண்ணால் கண்டவர் அந்தப் பிரெஞ்சுக்கார அம்மையார்தான்.

கட்டடம் பராமரிப்பவர் வந்து கம்பி விட்டுப் பார்த்தார். காதைச் சுவரில் வைத்தார். "ஓடேல்லை," என்றார். சுவரைத் திறந்து குழாயை அறுக்கவேண்டும், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நாளை செய்வதாகச் சொல்லிப் போனார்.

எனக்குள் ஒரு சந்தேகம் கண் விழித்தது. அதற்கு முந்தைய நாள் என் மகளும் அவரும் கீழ்வாசலில் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். எபேசு அரசன். அடைத்த வாய்க்கால். மனைவியின் வேண்டுகோள். எல்லாம் பொருந்திவிட்டன! தபால் அதிபரின் கை சும்மா இருக்குமா? உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். எபேசின் அரசனில் தொடங்கி, இந்த மனிதர் திட்டமிட்டே குழாயை அடைத்தார் என்பதில் முடித்தேன். மறுநாள் காலை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நீதியை நிலைநாட்டிய நடையோடு வீடு திரும்பினேன்.

பிற்பகல் அவர் கருவிப்பெட்டியோடு மடாமின் சமையலறைக்கு வந்தார். நானும் மனைவியும் இறங்கிப் போனோம்.

"அண்ணை, முதலாளி ரெலிபோன் எடுத்தவர்," என்றார், சுவர்ப்பலகையைக் கழற்றியபடியே. "மாசக் கடைசியில அறையை விடட்டாம்."

என் மனைவி திடுக்கிட்டாள். "ஏன் தம்பி? அப்ப உங்கட கடுதாசியள்?"

அந்தக் கடுதாசிகளைப் பற்றி எனக்கும் தெரியும். மன்னாரில் இருந்த மனைவியையும் மகளையும் அழைப்பதற்கான படிவங்களில் வேலை என்ற கட்டத்திலும் முகவரி என்ற கட்டத்திலும் இந்தக் கட்டடத்தைத்தான் அவர் எழுதியிருந்தார். ஒன்பது ஆண்டுகள் பிரிந்திருந்த குடும்பம். வேலை போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"என்னத்துக்கெண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன். என் குரல் அன்று ஈடில்லாததாக இல்லை.

"சொன்னவர். நான் பைப்பை அடைச்சனாம். அந்த ராசாவின்ர கதையையும் எனக்கே திருப்பிச் சொன்னவர்." அறுக்கும் வாளை எடுத்துக் குழாயில் வைத்தார். "கடிதம் வடிவான இங்கிலீசாம் அண்ணை."

மனைவி என்னைப் பார்த்தாள். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பெற்றதில்லை. நான் உடனே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நீங்கள் எண்ணினால், என்னை உங்களுக்குத் தெரியாது. குரலை உயர்த்தினேன். என் மகளோடு வாசலில் என்ன சதி பேசினீர் என்று கத்தினேன்.

அவர் குழாயை அறுத்து முடித்தார். பிறகு, "பைபிளில இருக்கு, எபேசில அந்த அம்மன் கோயில் வெள்ளித் தட்டார் எல்லாம் சேர்ந்து எங்கட வேதக்காரருக்கு எதிராய் ரெண்டு மணித்தியாலம் கத்தினவையாம். நீங்கள் கெதியா முடிச்சிட்டீங்கள்," என்றார். "மகள் கேட்டது படிக்கட்டுக்கு ஒரு கைபிடி. அக்கான்ர முழங்காலுக்கு. உங்களுக்குச் சொன்னால் ரோசப்படுவீங்களாம்."

அறுத்த துண்டைத் தமிழ் வாரப்பத்திரிகை ஒன்றின்மேல் வைத்து, உள்ளே இருந்த அடைப்பைத் தள்ளி எடுத்தார். என் முழங்கை நீளம்; கல்லாக இறுகியிருந்தது. கத்தியால் குறுக்கே வெட்டினார். உள்ளே அடுக்கடுக்காக வளையங்கள்.

அவர் முகம் மாறியது. எபேசின் மண்ணைப் பார்த்த முகம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். "வெள்ளை, சாம்பல். இது மஞ்சள்." முகர்ந்து பார்த்தார். "சந்தனம். இதில நெய். சாம்பலும் நெய்யும் சேர்ந்தால் சவுக்காரமா இறுகும். இது மா. திரும்பவும் வெள்ளை. திரும்பவும் மஞ்சள்." விரலால் எண்ணிக்கொண்டே போனவர், நடுவில் நிறுத்தினார். கத்தி நுனியால் எதையோ நெம்பி எடுத்து, சட்டையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

வெள்ளி வில்வ இலை. கட்டைவிரல் நகமளவு. என் லிங்கத்தின் உச்சியில் சாத்தும் இலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காணாமற்போனது.

"தெரியும் அண்ணை," என்றார், நான் வாய் திறக்குமுன். "அந்த வெள்ளிக்குப் பிறகுதான் நான் வந்தால் சாமியறைக் கதவைச் சாத்தத் தொடங்கினீங்கள்."

நான் இலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போது உரிமையாளர் வந்தார். சுவரைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், அடைப்பைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். கத்தி இன்னும் பராமரிப்பவர் கையில் இருந்தது. சாட்சி பத்திரிகைமேல் இருந்தது. ஒரு வாக்கியம் போதும், அவர் வேலையும் குடும்பமும் காப்பாற்றப்படும்.

"பழைய பைப்," என்றார் பிரெஞ்சில். அவ்வளவுதான்.

"பழைய பைப்பைப் பார்த்துக்கொள்ளத்தான் உன்னை வைத்திருந்தேன்," என்றார் உரிமையாளர். "மாதக் கடைசி."

நான் அவர் காதருகே, "ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"உங்கட சாமியை நான் காட்டிக்குடுக்கிறதே அண்ணை?"

நான் அந்த அடைப்பின் இரு பாதிகளையும் இரு கைகளிலும் ஏந்தினேன். பிரசாதம் ஏந்துவதுபோல. உரிமையாளர் முன் போய் நின்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். என் கடிதம் தவறு, இது திருமஞ்சனம், இது ஆகமம், பதினொரு ஆண்டுகள், புண்ணிய நதிகள். பாதியில் எனக்கே புரியவில்லை. மூன்று பக்கம் பொய்யைத் தடையின்றி எழுதியவனுக்கு ஒரு வரி உண்மை வாயிலிருந்து இறங்க மறுத்தது. உரிமையாளர் என்னை மருத்துவரிடம் அனுப்பவேண்டியவன்போல் பார்த்தார்.

என் மனைவி தையல் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள். அங்கே கற்ற பிரெஞ்சு ஒரு கைப்பிடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தாள். என்னை நோக்கி விரல் நீட்டினாள்.

"சே லுயி, மெஸ்யூ," என்றாள். இவர்தான் ஐயா. பிறகு அவரைக் காட்டித் தலையை அசைத்தாள். "பா லுயி." அவர் இல்லை.

நான், "வுயி," என்றேன். ஆம் என்று பொருள். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த சொற்பொழிவு அதுவே.

அவர் வேலையில் நீடித்தார். குத்தகை முடிந்ததும் வீட்டை விடும்படி கடிதம் எனக்கு வந்தது. இரண்டே வரிகள், என் கடிதத்தைவிடத் தெளிவானது. ஊர் முழுவதும் வீடு மாறும் யூலை முதலாம் நாளில் நாங்களும் சட்டிபானையோடு கர்க்லாண்டில் நின்றோம். அரசன் தேவைப்படவில்லை, குடிமகனே தன் வாய்க்காலை அடைத்துக்கொண்டு வெளியேறினான்.

அன்று படிகலிங்கப் பெட்டியை மூன்று மாடி இறக்கித் தந்தவர் அவர். மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். சிங்குக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"ஓடுது. இனி இதில ஊத்தாதேங்கோ."

"அப்ப பனிக்காலத்தில எங்கை ஊத்திறது?"

எழுந்து யன்னலால் முற்றத்தைப் பார்த்தார். "வாளியில விட்டு வெளியால வையுங்கோ, உறையும். கட்டி கட்டியா அடுக்குங்கோ. சித்திரையில அந்த மேப்பிள் மரத்தடியில வச்சால் தானா உருகிப் போகும். ஒருத்தரும் மிதிக்காயினம்."

ஆகமங்களில் இல்லாத விதி. அன்றிலிருந்து அதைத்தான் பின்பற்றுகிறேன்.

அடுத்த ஆண்டு அவர் குடும்பம் வந்து சேர்ந்தது. துறைமுகப் பக்கம் வேலை கிடைத்துக் கிழக்கே போனார். சில ஆண்டுகள் தைப்பொங்கலுக்கு அவரும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நானும் தொலைபேசினோம். பிறகு எண்கள் மாறின. கடைசியாகப் பேசியபோது, நெடுநாள் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். எபேசில் சரி எவர் பக்கம், அரசன் பக்கமா, மாட்டோம் என்ற சனத்தின் பக்கமா?

"அவையளை எனக்குத் தெரியாது அண்ணை. நான் வாய்க்காலுக்குள்ள நிண்டவன்." தொடர்ந்தார். "ஒண்டு மட்டும் யோசிக்கிறனான். அடைச்சவன்ர பேர் புத்தகத்தில இருக்கு. அடைச்சதை ஆர் பேந்து எடுத்தவை எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

இங்கேயும் இல்லை. அது என் குற்றமா, அவர் அடக்கத்துக்கு நான் செய்யும் மரியாதையா என்று இந்த வயதிலும் எனக்குத் தெளியவில்லை. யன்னலுக்கு வெளியே, இந்தப் பனிக்காலத்துத் திருமஞ்சனம் வெண்கட்டிகளாக அடுக்கியிருக்கிறது. மேலே கிடக்கும் கட்டிக்குள் சந்தனம் மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளி இலையை ஒவ்வொரு நாளும் எண்ணி எடுத்து வைக்கிறேன். சாமியறைக் கதவைச் சாத்துவதில்லை.

இதனைப் படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும், நடுவில் கண்ணயர்ந்தவர்களும் நீடு வாழ்க. அவர்கள் இல்லத்துள் நலமெல்லாம் வந்து புகுக. தாம் ஊற்றுவது எங்கே போகிறது என்பதை அவர்கள் காலத்தோடு அறிக. அடைப்பை எடுக்க ஒருவர் வரும்போது, அவருக்குக் கதவு திறந்திருப்பதாக.